ஆள் இருக்கிற அபார்ட்மென்ட்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே தள்ளி நிற்கும் அந்த நாலு மாடி அபார்ட்மென்டில் மொத்தம் பதினாறு வீடு. பதினைந்து விற்றாகிவிட்டது. குடியிருப்பதோ தபீதாள் டீச்சர் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் விலை ஏறட்டும் என்று வாங்கிப் பூட்டிப்போட்ட புண்ணியவான்கள். ஒருத்தர் துபாய், ஒருத்தர் கோவை, இன்னொருத்தர் இப்படி ஒரு வீடு வாங்கியதையே மறந்திருப்பார்.

டீச்சரின் மகன் காலேப்பும் அப்படித்தான் வாங்கினான். "சும்மா பூட்டிப்போடுவானேன், நீங்க போய் இருங்கம்மா" என்று கனடாவிலிருந்து சொன்னான். முப்பத்தோரு வருஷம் வகுப்புச் சத்தத்தில் காது புளித்தவள், கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு நிம்மதியாக இருக்கலாமே என்று வந்தாள். ஒரே மாதத்தில் அந்த நிம்மதி திகட்டிவிட்டது. லிஃப்ட் தானாக மேலே வந்தால்கூடக் கதவைத் திறந்து எட்டிப்பார்ப்பாள்.

மூன்றாவது மாடியில் அவளுடைய எதிர்வீடு மட்டும் விற்காமல் கிடந்தது. அதற்காக அலைந்துகொண்டிருந்த புரோக்கர் குமரவேல் ஒருநாள் அவள் வாசலில் வந்து தலையைச் சொறிந்தான்.

"டீச்சர், வர்றவங்கல்லாம் இன்னாடா இது பேய் பங்களா மாரி கீதுன்னு ஓடிர்றாங்க. பெரிய பேஜாரா பூட்ச்சி. மத்த வூட்டு சாவியெல்லாம் எங்கிட்டதான் கீது. நீங்க அந்த பால்கனிங்கள்ல நாலு துணி காயப்போட்டா, ஆள் கீற மாரி இருக்கும்."

"அது பொய்யில்லையா குமரவேல்?"

"துணி காயறதுல இன்னா டீச்சர் பொய்யி? உங்களுக்கும் எதிர்வூட்ல ஒரு தொணை வந்துரும்."

அந்தத் துணை என்ற சொல்லில்தான் அவள் விழுந்தாள்.

விழுந்தவள் சும்மா விழவில்லை. அவனிடமிருந்த சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டாள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கே போய்ப் பழைய துணியாகப் பார்த்து அள்ளிவந்தாள். முதல் மாடியில் கணவரின் சட்டைகள். இரண்டாவது மாடியில் சின்னப் பெண்ணின் கவுன்கள். நாலாவது மாடியில் கைக்குழந்தையின் துணிகள். தினமும் மாற்றினாள். ஒரு மழை நாளில், கைக்குழந்தை வீட்டில் துணி காயவில்லையே, பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று அவளுக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது. வயதான காலத்தில் புத்தி போகிற போக்கைப் பாருங்கள்!

அந்த வாரமே முகிலன், வினிதா என்று ஒரு இளம் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். முகிலனுக்குச் சிறுசேரியில் வேலை. குமரவேல் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டைக் காட்டி அறுபத்திரண்டு லட்சம் சொன்னான். வினிதா விலையைக் காதில் வாங்கவேயில்லை. டீச்சரைத்தான் கேட்டாள்.

"எல்லா வீட்லயும் ஆள் இருக்காங்களா ஆன்ட்டி?"

"எல்லா வீட்லயும் இருக்காங்கம்மா. நல்ல மனுஷங்க. தாராளமா வாங்கலாம்" என்றாள் டீச்சர். அன்று இரவு ஜெபத்தில் அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். கையோடு, இந்த வீடு அவர்களுக்கே முடியவேண்டும் என்றும் கேட்டுவைத்தாள்.

முடிந்தது. பத்திரப் பதிவும் ஆயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ராகுகாலத்துக்கு முன்னால் பால் காய்ச்ச வந்தார்கள். டீச்சர் புதுப் புடவை கட்டிக்கொண்டு, கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்குள் முதல் ஆளாக நுழைந்தாள். பால் பொங்கியது. டீச்சருக்குக் கண் கலங்கியது.

"சாமானெல்லாம் என்னைக்கும்மா வருது?"

"சாமானா? நாங்க குடி வரலியே ஆன்ட்டி. இவருக்கு ஆபீஸ் பக்கத்துலயே வாடகை வீடு சௌகரியமா இருக்கு. இது இன்வெஸ்ட்மென்ட்தான்" என்றாள் வினிதா. "இன்னும் நாலு இடம் பாத்தோம், எல்லாம் வெறிச்சுன்னு கெடந்துச்சு. இங்கதான் ஜனங்க இருக்காங்க. தைரியமா பூட்டிட்டுப் போலாம்."

டீச்சர் கையிலிருந்த பாலைக் கீழே வைத்தாள். நான்தானே சொன்னேன், நான்தானே சொன்னேன் என்று மனது அடித்துக்கொண்டது.

"மத்தவங்களையும் கூப்பிடுங்க ஆன்ட்டி. எல்லாருக்கும் சேத்துதான் காய்ச்சியிருக்கோம்" என்றான் முகிலன்.

"வேலை நாளாச்சே தம்பி. கெளம்பற அவசரத்துல இருப்பாங்க. குடுங்க, நானே போய்க் குடுத்துட்டு வர்றேன்."

பதினாலு பேப்பர் கப்பை ஒரு தட்டில் அடுக்கித் தந்தார்கள். தட்டு ஆடாமல் நாலாவது மாடி ஏறினாள். அங்கே பூட்டிய நாலு கதவுகள். எந்தக் கதவைத் தட்டுவது? படியிலேயே உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். சத்தம் கீழே கேட்டுவிடக் கூடாதென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கீழே எதிர்வீட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. வினிதா பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு லிஃப்ட் கீழே இறங்கியது.