ஹவில்தார் போட்ட சத்தம்

“ரத்தம் எப்பவும் நமக்குள்ளேயேதானே இருக்கு? வெளியில வந்தா மட்டும் ஏன்ப்பா பயமா இருக்கு?”

இதைக் கேட்டபோது அகல்யாவுக்கு ஆறு வயது. விஷ்ராந்த்வாடி பஸ் நிறுத்தத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டிருந்தாள். நியாயமான கேள்விதான் என்று அப்பா வெங்கடேஸ்வரன் நின்று யோசித்தார். அவருக்குப் பதில் கிடைப்பதற்குள் குழந்தை மயங்கி விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகும் விழுந்துகொண்டுதான் இருந்தாள். தடுப்பூசிக்கு விழுந்தாள். பள்ளிக்கூடத்தில் தவளையைப் பலகையில் வைத்து ஆணி அடித்ததற்கு விழுந்தாள். அம்மா பட்டு தேங்காய் துருவும்போது விரலைக் கீறிக்கொண்டாள், அதற்கும் விழுந்தாள். இப்படிப்பட்ட பெண் 1999இல் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, “நான் டாக்டருக்குப் படிக்கப்போறேன்” என்றாள்.

வெங்கடேஸ்வரன் ராணுவக் கணக்கு அலுவலகத்தில் ஆடிட் பிரிவில் இருந்தவர். அதனால் சிரிக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில் பயாலஜியை விட்டுவிட்டு எலக்ட்ரானிக்ஸ் எடுத்துக்கொள்ள அந்த மராத்தி ஊரில் ஒரு வசதி இருந்தது. அவருக்குத் தெரிந்த தமிழர் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் அந்த வசதியைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு வாரம் ஆஸ்பத்திரில போய் நில்லு. விழாம வந்தேன்னா பயாலஜி. விழுந்தா எலக்ட்ரானிக்ஸ். அப்புறம் பேச்சே கெடையாது” என்றார்.

“விழுந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“செல்வமேரி சொல்லிடுவா.”

செல்வமேரி அவர்கள் கட்டடத்தில் மேல் மாடியில் குடியிருந்தவள். நாகர்கோவில்காரி. ஆளந்தி ரோட்டில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பான நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்குப் போவாள்; மற்ற நாட்களில் பொய் சொல்ல மாட்டாள். இப்படி ஒரு சாட்சி கிடைப்பது அபூர்வம் என்பது வெங்கடேஸ்வரனுக்குத் தொழில்முறையில் தெரிந்த விஷயம்.

பட்டு மகளுக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்தாள். எம்.பி.பி.எஸ். முடிகிறவரைக்கும் வரட்டும் என்று எல்லாப் பக்கமும் தாராளமாக விட்டுத் தைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோது கோட்டு முதலில் திரும்பியது, அகல்யா பிறகு திரும்பினாள்.

“ஆஸ்பத்திரின்னா டாக்டர் மட்டுந்தானா பிள்ளே? எல்லாத்தையும் பாரு” என்று செல்வமேரி அவளை முதல் இரண்டு நாள் ஒவ்வொரு அறையாக அனுப்பினாள். எக்ஸ்ரே எடுப்பவர் தன் வேலையில் நோயாளிகள் அதிகம் பேசுவதில்லை, நிம்மதி என்றார். மருந்து கொடுப்பவர் டாக்டர்களின் கையெழுத்தைப் பற்றி வருத்தப்பட்டார். உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண், “எங்கிட்ட வரவங்க எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டேதான் குணமாவாங்க” என்று இந்தியில் சொன்னாள். அகல்யா எல்லோர் சொன்னதையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். ரத்தம் எங்கும் தென்படவில்லை.

புதன்கிழமை வார்டுக்கு வந்தாள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஹவில்தார் ஷிதோளே படுத்திருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதியில் காலில் புண். நாள்தோறும் கட்டுப் பிரித்துச் சுத்தம் செய்யும்போது முனகக்கூட மாட்டார், கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லையில் தொடையில் பாய்ந்த குண்டை மயக்க மருந்து இல்லாமலே எடுக்கவிட்ட கதையை வார்டில் கேட்காதவர் கிடையாது. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த ஆட்டோக்காரர் முகமது இஸ்மாயிலுக்கு அது மனப்பாடம்.

“பஞ்சுத் தட்டைப் பிடிச்சிக்கிட்டு அவரு தலைமாட்டுல நில்லு, கேட்டியா?” என்று சொல்லிவிட்டு செல்வமேரி காலருகே குனிந்தாள்.

கட்டு பிரிந்தது. அகல்யா பார்க்காமல் இருந்திருக்கலாம். ஆனால் பார்க்கத்தானே வந்திருக்கிறாள்? பார்த்தாள். காதில் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. கோட்டுக்குள் முழங்கால் இரண்டும் எங்கோ போய்விட்டன.

அப்போது ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அதே கை அவளைத் தலைமாட்டு ஸ்டூலில் இறக்கியது. இன்னொரு கை பஞ்சுத் தட்டை வாங்கிக்கொண்டது. உடனே ஹவில்தார் ஷிதோளே, “ஆயீ!” என்று அம்மாவைக் கூப்பிட்டு அலறினார். ஜன்னலில் இருந்த புறா பறந்து போயிற்று.

செல்வமேரி திடுக்கிட்டு நிமிர்ந்து அவர் முகத்தைத்தான் பார்த்தாள். “வலிக்குதா தாதா? என்னாச்சு?” அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு இன்னொரு தடவை அலறினார். வார்டு பையன் ஓடி வந்தான். டாக்டர் எட்டிப் பார்த்தார். அந்தக் களேபரத்தில் ஸ்டூலில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்த வெள்ளைக் கோட்டை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது அகல்யா நேராக உட்கார்ந்திருந்தாள்.

“நீ ஏன் பிள்ளே உக்காந்திருக்க?”

“நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்” என்றார் ஹவில்தார், இந்தியில். “பயமாக இருந்தது.”

செல்வமேரி நம்பினாள். பொய் சொல்லாதவர்கள் பொதுவாக நம்பிவிடுவார்கள்.

அன்று மாலையில் கேலி தொடங்கியது. “ஹவில்தார் சாஹேப், அந்தக் குண்டை எடுத்தப்போ நீங்க கத்தலையே, அன்னிக்குத் தொண்டை கட்டியிருந்ததோ?” என்று இஸ்மாயில் விசாரித்தார். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ஹவில்தாரின் பழைய பட்டாளத்து நண்பர்கள் இரண்டு பேர் வாழைப்பழத்தோடு வந்தார்கள். இஸ்மாயில் அவர்களிடமும் சொன்னார்; அலறியும் காட்டினார். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஹவில்தார் ஒரு வாழைப்பழத்தை உரித்து, மிகவும் கவனமாகத் தின்றார்.

அவர்கள் போன பிறகு அகல்யா கட்டிலருகே போனாள். “தாதாஜி, நான் எல்லார்கிட்டயும் நிஜத்தைச் சொல்லிடறேன்” என்றாள் இந்தியில்.

“சொல்லாதே. என் ஆயுசிலேயே ஒரு தடவைதான் கத்தியிருக்கிறேன். அதையும் பொய் என்று ஆக்கிவிடுவாயா?”

“ஏன் கத்தினீங்க?”

“முதல் பரேடில் புதிதாகச் சேர்ந்த ரெக்ரூட் வெயிலில் விழுவான். விழுந்தவனையெல்லாம் வீட்டுக்கு அனுப்பினால் பட்டாளத்தில் யார் இருப்பார்கள்?” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாள் காலையில் அவருக்குக் கால் விரல் ஒன்றை எடுக்கவேண்டும் என்று டாக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இன்னும் ஒரே நாள். ஒன்றும் பேசாமல் இருந்தால் பயாலஜி. அகல்யா அன்றைக்கு ராத்திரி வீட்டில் ரசம் சாதத்தை வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“அப்பா, நான் நேத்திக்கு விழுந்துட்டேன்” என்றாள் கடைசியில். “செல்வமேரி ஆன்ட்டிக்குத் தெரியாது.” நடந்ததைச் சொன்னாள்.

வெங்கடேஸ்வரன் மோர் சாதத்தை முடித்துவிட்டு, “பந்தயம் பந்தயம்தான்” என்றார்.

“அகல்யா பொறந்தப்போ நீங்களுந்தான் ஆஸ்பத்திரி வராண்டால விழுந்தேள்” என்றாள் பட்டு. “உங்களை யார் என்ன பண்ணினா?”

“நான் அக்கவுண்ட்ஸ்” என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை போகவேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் செல்வமேரியிடம் ஒரு வாரம் என்று சொல்லியிருந்ததால் வெங்கடேஸ்வரன் ஸ்கூட்டரை எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைத்தார்.

“எடுத்துக்கோ” என்றார்.

“எதைப்பா?”

“பயாலஜிதான்.”

“நான்தான் விழுந்துட்டேனே.”

“நீ விழுந்தது எனக்குத் தெரியாது, செல்வமேரிக்கும் தெரியாது. நீயா வந்து சொன்னே. நான் இத்தனை வருஷமா ஆடிட் பண்றேன். ஒருத்தன் இப்படி வந்து சொன்னதில்லை.” கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த மாதிரி ஒரு டாக்டர்கிட்ட தைரியமா போய்ப் படுத்துப்பேன். எலக்ட்ரானிக்ஸுக்குத்தான் ஊர்ப்பட்ட பேர் போறாளே. உள்ள போ, வெயில்.”

மனிதர் மனத்தில் இரவோடு இரவாக எதைத் திருத்தி எழுதுவது என்பதை ஆண்டவன் யாரிடமும் கலந்து பேசுவதில்லை. அகல்யா உள்ளே போனாள். ஹவில்தாரிடம் சொல்லவேண்டும் என்று போனாள். அவர் கட்டில் காலியாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் அவரைத் திரும்பக் கொண்டுவந்து கிடத்தினார்கள். மயக்கம் தெளியவில்லை. இஸ்மாயிலை எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செல்வமேரி, “வாந்தி வந்துதுன்னா தலையை ஒருச்சாச்சுப் பிடி, நான் இந்தா வாறேன்” என்று சொல்லிவிட்டு, ஸ்கிரீனை இழுத்துவிட்டுப் பக்கத்து வார்டுக்குப் போனாள்.

போன கொஞ்ச நேரத்தில் வந்தது. அகல்யா அவர் தலையைத் தன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். கோட்டில் பாதி, தலையணையில் பாதி. அடங்குகிறவரை முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு வாயையும் மீசையையும் ஈரத் துணியால் துடைத்தாள். தலையணை உறையை மாற்றினாள். தரையில் சிந்தியிருந்ததைத் துடைத்து ஃபினாயில் தெளித்தாள். காலடியில் போர்வையைச் சரிசெய்தபோது, காலில் போட்டிருந்த வெள்ளைக் கட்டின் மேல் ஒரு சிவப்பு வட்டம் ஊறியிருப்பதைப் பார்த்தாள். அது எவ்வளவு பெரிது என்று குனிந்து பார்த்து மனத்தில் வைத்துக்கொண்டாள்.

ஹவில்தார் கண்ணைத் திறக்கவில்லை. யாரோ ஒருவருக்கு மராத்தியில் ஏதோ உத்தரவு கொடுத்துவிட்டு மறுபடி ஆழ்ந்து போனார்.

பின்பக்கக் குழாயில் துணிகளை அலசிக் கொடியில் போட்டாள். கோட்டையும் கழற்றி அலசிப் போட்டாள். திரும்பி வந்து கட்டை மறுபடி பார்த்தாள்; உடனே செல்வமேரியைத் தேடிப் பக்கத்து வார்டுக்குப் போனாள்.

“ஆன்ட்டி, தாதா கால் கட்டுல ரத்தம் கசியறது. ரூபா அளவு இருந்தது, இப்போ உள்ளங்கை அளவு ஆயிருக்கு. வந்து பாருங்கோ” என்றாள்.

செல்வமேரி உடனே எழுந்தாள். துடைத்ததையும் அலசியதையும் பற்றி அகல்யா ஒன்றும் சொல்லவில்லை.