புதன்கிழமை மிகக் கனமழை

கார்த்திகை பிறந்துவிட்டால் சண்முகவள்ளி ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு காரியங்களைச் சேர்த்தே செய்வாள். போனில் வந்திருக்கும் அந்த வாரத்து வானிலை அறிவிப்பை வாசிப்பாள். பிறகு தன் பதிவேட்டைப் பிரித்து, அந்த வாரத்தில் யார் யாருக்குப் பேறுகாலம் என்று விரலை ஓட்டுவாள். மண்டபம் பக்கத்தில் இருபத்தோரு வருடமாகக் கிராம சுகாதாரச் செவிலியாக இருக்கிறாள். மழையும் பிள்ளையும் ஒரே நாளில் வந்தால் என்ன பாடு படவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருமுறை முழங்கால் தண்ணீரில் ஒருத்தியைக் கட்டிலோடு நாலு பேராகத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் நடந்தவள் அவள்.

அந்த ஞாயிறு அறிவிப்பு நீளமாகவே இருந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். திங்கள் லேசான மழை. செவ்வாய் ராமநாதபுரம் கடலோரத்தில் கனமழை. புதன் மிகக் கனமழை, மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்று. வியாழக்கிழமையிலிருந்து படிப்படியாகக் குறையும். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம்.

பதிவேட்டில் இரண்டு பெயர்கள் நின்றன. வேதாளை மாஷிதாவுக்குப் போன் போட்டுச் சொன்னதுமே, "பையெல்லாம் கட்டி வச்சுட்டேன் நர்சம்மா, வண்டி எப்ப வரும்?" என்று கேட்டாள். இன்னொரு பெயர் நிசாந்தினி. இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவள். அவளுக்குப் போனில் சொல்லிவிட முடியாது என்று சண்முகவள்ளிக்குத் தெரியும்.

திங்கள் காலையில் தூறலோடு முகாமுக்குப் போனாள். நிசாந்தினியின் மாமியார் அருந்ததி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாளாம். என்ர சொல்லுக் கேக்கிறாள் இல்லை. நீங்களாவது சொல்லிப் பாருங்கோ."

"உங்க மகன் சுகந்தன் எங்கக்கா?"

"திருப்பூரில பெயின்ட் வேலை. நாளைக்கு வெளிக்கிடுறன் எண்டவன்."

உள்ளே நிசாந்தினி சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். சண்முகவள்ளி குடையை மூலையில் வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"வலி வந்தா வாறன் நர்சம்மா. இப்பவே எதுக்கு?"

"வலி வர்ற அன்னைக்கு ரோட்டுல தண்ணி நிக்கும் தாயி. உச்சிப்புளிகிட்ட ஒரு மரம் விழுந்தாப் போதும், வண்டி இங்கன வந்து சேராது."

நிசாந்தினி தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "போன முறை மழையே இல்லையே. நல்ல வெயில். நேரத்துக்குத்தான் போனனாங்கள்."

இரண்டு வருடத்துக்கு முன்னால், எட்டாம் மாதத்தில், பிள்ளை அசையவில்லை என்று இவளைக் கூட்டிக்கொண்டு போனதும் சண்முகவள்ளிதான். போய்ச் சேரும்போதே எல்லாம் முடிந்திருந்தது. மருத்துவர்களால் செய்வதற்கு ஒன்றுமில்லை. உயிரில்லாமல் பிறந்த குழந்தையைத் தாயிடம் காட்டாமலே துணியில் சுற்றி வெளியே கொண்டு வந்துவிட்டார்கள். கொண்டு வந்தவளும் அவள்தான்.

கூரையில் தூறல் கொஞ்சம் வலுத்தது. அருந்ததி தேத்தண்ணி போடப் பின்னால் போய்விட்டாள். நிசாந்தினி மெதுவாகக் கேட்டாள்.

"நர்சம்மா, அவ எப்படி இருந்தவ?"

சண்முகவள்ளி நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாரும் 'அது' எண்டுதான் கதைக்கினம். பொம்பிளைப் பிள்ளை எண்டே ஆஸ்பத்திரித் தாளில பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நீங்கள் பார்த்தனீங்கள்தானே?"

இந்தக் கேள்விக்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்திருக்கிறாள் என்பது சண்முகவள்ளிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை தடவை வந்து ரத்த அழுத்தம் பார்த்தோம், மாத்திரை கொடுத்தோம், இதை மட்டும் பேசாமல் தாண்டித் தாண்டிப் போனோமே என்றிருந்தது.

"முடி நிறைய இருந்துச்சு தாயி. நெத்தியில ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. நான்தான் துடைச்சு ஒதுக்கிவிட்டேன். கண்ணு மூடி, தூங்குற மாதிரிதான் இருந்தா. கீழ் உதடு அப்படியே உன்னோடது. விரலு நல்ல நீளம்."

"யார் தூக்கி வச்சிருந்தது?"

"நான்தான். உங்க மாமியார் கொண்டாந்த பழைய சேலையில சுத்தி, வண்டி வர்ற வரைக்கும் மடியிலதான் வச்சிருந்தேன். கீழ விடல." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "உன் கையில தந்திருக்கணும். பார்த்தா நீ தாங்கமாட்டேன்னு நாங்களா முடிவு பண்ணிக்கிட்டோம். அது தப்புத்தான்."

தேத்தண்ணியோடு வந்த அருந்ததி நிலைப்படியிலேயே நின்றுவிட்டிருந்தாள். "நர்சம்மா சொல்லேல்லை, நான்தான் காட்டவேண்டாம் எண்டனான்" என்றாள். "எனக்கும் ஒண்டு அப்படிப் போனது, அங்க, ஊரில. நான் பார்த்தனான். இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. உனக்கு அது வேண்டாமெண்டு நினைச்சன் பிள்ளை."

நிசாந்தினி அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். இரண்டு பேரும் அவளைத் தேற்றப் போகவில்லை. அழுது முடிந்ததும் அவளாகவே கை நீட்டி டம்ளரை வாங்கிக் குடித்தாள்.

"வாறன்" என்றாள். "ஆனா இந்தப் பிள்ளையை முதல்ல என்னட்டத்தான் தரவேணும். எப்படி இருந்தாலும்."

"தாரேன்."

"எப்படி இருந்தாலும் நர்சம்மா."

"எப்படி இருந்தாலும் தாரேன் தாயி."

மத்தியானமே மாஷிதாவையும் ஏற்றிக்கொண்டு சுகாதார நிலையத்து வண்டி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. சண்முகவள்ளியும் அருந்ததியும் கூடவே போனார்கள். செவ்வாய் அறிவிப்பில் சொன்னபடியே மழை கொட்டியது. புதன்கிழமை காலையில் காற்றும் கூடிக்கொண்டது. உச்சிப்புளிப் பக்கம் மரம் சாய்ந்து போக்குவரத்து நின்றுவிட்டதாக ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டார்கள். ஒன்பது மணிக்கு நிசாந்தினிக்கு வலி கண்டது.

பிரசவ அறையில் நிற்பது சண்முகவள்ளியின் வேலை அல்ல. ஆனாலும் அங்கிருந்த தலைமைச் செவிலியிடம் போய், நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, "ஒரு வாக்குக் குடுத்துட்டேன் சிஸ்டர்" என்றாள். அந்த அம்மாள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, தலைமாட்டில் நிற்கச் சொன்னாள்.

மத்தியானம் இரண்டு மணி சுமாருக்குக் குழந்தை வந்தது. ஜன்னல் கண்ணாடியில் மழை வாரி அடித்துக்கொண்டிருந்தது. குழந்தை அழவில்லை. தலைமைச் செவிலி அதன் முதுகைத் தேய்த்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். சண்முகவள்ளியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த நிசாந்தினியின் விரல்கள் இறுகின.

"தாங்கோ" என்றாள் நிசாந்தினி. "என்னட்டத் தாங்கோ."

கொடுத்த வாக்கு எத்தனை கனம் என்று சண்முகவள்ளிக்கு அப்போது தெரிந்தது. மாறாமல் தருவது என்று மனதுக்குள் முடிவு செய்து, "சிஸ்டர்…" என்று வாயெடுத்தாள்.

அதற்குள் குழந்தை ஒரு தரம் இருமியது. பிறகு வீறிட்டது. மழைச் சத்தத்தை மீறிக்கொண்டு, கோபக்காரக் கிழவன்போல ஓயாமல் கத்தியது. ஆண் குழந்தை. எடை போடுவதற்கு முன்னால், சரியாகத் துடைப்பதற்கும் முன்னால், தலைமைச் செவிலி அதைத் தூக்கி நிசாந்தினியின் நெஞ்சில் கிடத்தினாள். நிசாந்தினி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. முகத்தைப் பார்த்தாள். காதைப் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். அவசரமே இல்லாமல், பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது என்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வார்டுக்கு வந்த பிறகும் அருந்ததி கிட்டே வராமல் கதவோரம் நின்றாள். வராந்தாச் சாரலில் சேலை நனைந்து காலில் ஒட்டியிருந்தது.

"மாமி, அங்க நிண்டு என்ன செய்யிறியள்?" என்றாள் நிசாந்தினி. "வந்து தூக்குங்கோ. கை நோகுது எனக்கு."

சுகந்தன் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தான். பஸ் மதுரையிலேயே நின்றுவிட்டதாம். சட்டையெல்லாம் நனைந்திருந்தான். குழந்தையைத் தொடப் பயந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். பிறகு சண்முகவள்ளியின் பக்கம் திரும்பி, "சாப்பிட்டீங்களா நர்சம்மா?" என்று கேட்டான்.

"சாப்பிட்டேன்யா" என்றாள். சாப்பிட்டிருக்கவில்லை.

வெளியே மழை விட்டு, வாசல் மரங்களின்மேல் வெளுத்த வெயில் விழுந்திருந்தது. பக்கத்து அறையில் மாஷிதா காலை நீட்டி உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் வலியே எடுக்கவில்லை.

"மழைன்னு சொல்லி அவசரமாக் கூட்டியாந்தீங்க" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "மழையும் வந்து போயிருச்சு. இந்த வீட்டு ஆளு வாரதாத் தெரியலயே நர்சம்மா."

"வரும்போது வரட்டும்" என்று சொல்லி, அவளுடைய கட்டிலிலேயே ஓரமாக உட்கார்ந்து, நீட்டிய கொய்யாத் துண்டை வாங்கிக் கடித்தாள் சண்முகவள்ளி.