ஆண்டனியை ஏற்றிய ஜீப்பின் முள்

ஆண்டனியை ஏற்றும்வரை, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில்தான் நின்றிருந்தது. காலையில் ஆனேக்கலிலிருந்து ஆஸ்பத்திரிவரை ஓசூர் ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தபோதுகூட அது அசையவில்லை என்று தாஸ் சொன்னான். பிணவறை வாசலில் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். டின் ஃபாக்டரி சந்திப்பை நெருங்குவதற்குள் அது சிவப்பைத் தொட்டுவிட்டது.

தாஸ் என் மனைவி டோரீனின் அண்ணன். ஆண்டனி அவர்கள் இருவருக்கும் தம்பி, இருபத்து நான்கு வயது. எலெக்ட்ரானிக் சிட்டியில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் நான்காவது மாடிச் சாரத்திலிருந்து திங்கட்கிழமை விழுந்தான். போலீஸ் எழுதி, டாக்டர் அறுத்து, கையெழுத்துகள் எல்லாம் முடிந்து அவனை எங்களிடம் கொடுத்தபோது புதன்கிழமை பதினோரு மணி. 1999 ஏப்ரல், நல்ல வெயில். ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை. பிணவறை ஆள் மூடியைத் தட்டிக் காட்டிச் சொன்னார்:

"மூணு மணிக்குள்ள மொகத்தப் பாத்துக்கோங்க. அதுக்கு மேல தொறக்காதீங்க. அம்மா இருக்காங்கன்றீங்க. அவங்க அந்தக் கோலத்துல பாக்க வேணாம்."

அம்மா தாயம்மா கோலார் தங்கவயலில், சுரங்கக்காரர்களின் லைன் வீட்டில் இருந்தார். இடுப்பெலும்பு உடைந்து கட்டிலோடு கிடப்பவர். ஒரு வருடத்துக்கு முன் ஆண்டனி அவரோடு சண்டை போட்டுவிட்டு, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று கிளம்பி வந்தான். அதன்பிறகு போகவேயில்லை. தங்கவயலுக்கு நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். இரண்டு மணிக்குப் போய்விடலாம், ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது என்று கணக்குப் போட்டோம்.

தாஸின் முதலாளி கரண்ட் டவர் லைன் போடுகிறவர். காடு, மேடு, சேறு எல்லாம் ஏறவேண்டிய வண்டி என்பதால் நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப் வைத்திருந்தார். அதை அன்றைக்கு எங்களுக்குக் கொடுத்தார். பின்சீட்டுகளைக் கழற்றிப் பெட்டியை வைத்தோம். செல்ஃப் ஸ்டார்ட்டர் இழுக்கவில்லை. வாசலில் நின்றவர்கள் நாலு பேர் தள்ளித்தான் இன்ஜின் பிடித்தது. தாஸ் பானெட்டில் மாலையைக் கட்டி, ஹெட்லைட்டைப் போட்டான். பிணம் ஏற்றிய வண்டி பட்டப்பகலிலும் விளக்குப் போட்டுத்தான் போகும். எதிரே வருகிறவர்கள் பார்த்து ஒதுங்குவார்கள்.

நான் ஒரு தொழிற்சாலையில் மீட்டர்களைப் பழுது பார்க்கிறவன். சூடு, அழுத்தம், எடை, எதைக் காட்டுகிற முள்ளாக இருந்தாலும் என் மேசைக்கு வரும். முள்ளை நம்புவதுதான் என் பதினான்கு வருடத் தொழில். அதனால், "ஓரம் கட்டு மச்சான், இன்ஜின ஆஃப் பண்ணு. சூட்டுல இன்ஜின் ஹெட் போயிட்டா நடுரோட்டுல நிப்போம்" என்று சொன்னது நான்தான்.

டின் ஃபாக்டரி ஓரத்தில் நின்றோம். பானெட்டைத் திறந்து, துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியை மெல்லத் திருகினேன். தண்ணீர் கழுத்துவரை இருந்தது. ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. முன்சக்கர லீவர் போட்டபடியே இருந்தால் தார் ரோட்டில் இன்ஜினுக்குப் பளு ஏறும், அதையும் கேட்டேன்.

"ரெண்டு வீல்லதான் இருக்கு மாப்ள. நான் இன்னா நேத்து லைசென்ஸ் எடுத்தவனா?"

இருபத்தைந்து நிமிடம் ஆற விட்டோம். மறுபடி தள்ள ஆள் பிடித்தோம். பெட்டியைப் பார்த்து இரண்டு பேர் கும்பிட்டுவிட்டுத் தள்ளினார்கள். ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்.

கிருஷ்ணராஜபுரம் தாண்டியதும் முள் மறுபடி சிவப்பில். இந்த முறை நாற்பது நிமிடம். ரேடியேட்டர் மேல்குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது, ஆனால் ஐந்து எண்ணும்வரை கை தாங்கியது. தண்ணீர் கொதித்தால் தாங்காது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கையைவிட முள்ளை நம்பினேன்.

பின்னால் டோரீன் பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஈக்களை முந்தானையால் விசிறிக்கொண்டே சொன்னாள்:

"நின்னா எறங்குது. கெளம்புனா ஏறுது. இவனுக்கு அம்மாகிட்ட போக மனசு இல்லண்ணே."

"சும்மா இரு டோரீன்," என்றான் தாஸ்.

"காலைல காலி வண்டியா வந்தப்ப ஏறுச்சா? சொல்லு. இவன ஏத்துன பொறவுதானே?"

அவள் கவனித்தது அத்தனையும் உண்மை.

ஹொஸ்கோட்டை ஏரிக்கு முன்னால் மூன்றாவது முறையாக முள் ஏறியபோது மணி ஒன்று இருபது. ஒரு பஞ்சர் கடையும் புளியமரமும் தவிர அங்கே எதுவும் இல்லை. ஆஃப் பண்ணு என்றேன்.

"மாட்டேன்," என்றான் தாஸ். "ஆஃப் பண்ணா யாரு தள்றது? நீயும் டோரீனுமா? வெந்தா வேகட்டும். ஓடிக்கினே ஆறட்டும்." இன்ஜினை ஓடவிட்டு, நிற்கிற வண்டிக்கு எதற்கென்று ஹெட்லைட்டை மட்டும் அணைத்தான்.

நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது எண்ணுவதற்குள் அது நடுவுக்கு வந்து நின்றது.

பத்து லிட்டர் தண்ணீர் இருபது நொடியில் ஆறாது. அப்படியானால் இறங்கியது சூடு அல்ல. முன்பு இரண்டு முறையும் சாவியையே அணைத்ததால் முள் செத்துக் கிடந்தது. அது எப்படி இறங்குகிறது என்பதை நான் பார்க்கவேயில்லை.

"மச்சான், லைட்டப் போடு."

"இன்னாத்துக்கு?"

"போடேன்."

போட்டான். முள் ஏறியது. அணைத்தான். இறங்கியது. ஹாரனை அமுக்கச் சொன்னேன். அதற்கும் முள் மேல்நோக்கித் துடித்தது.

அந்த முள் நகர்கிற விதம் எளிமையானது. இன்ஜின் தண்ணீருக்குள் பித்தளையில் ஒரு சின்ன உணர்வி முறுக்கப்பட்டிருக்கும். சூடு ஏற ஏற அது கூடுதலாகக் கரண்டை விடும். கரண்ட் கூடினால் முள் ஏறும். உணர்விக்கு வருவது ஒரே ஒயர். திரும்பிப் போக ஒயர் கிடையாது, இன்ஜினின் இரும்பே வழி. விளக்குக்கும் ஹாரனுக்கும் அப்படித்தான். வண்டியின் மின்சாரத்தை உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் இன்ஜின்மேல் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்ட கரண்ட் விளக்கை எரித்துவிட்டு, சேசிஸ் எனும் வண்டிச் சட்டத்தின் வழியே இன்ஜினுக்கே திரும்ப வேண்டும். சட்டத்தையும் இன்ஜினையும் இணைப்பது பின்னல்போன்ற ஒரு செம்புப் பட்டை மட்டுமே. அந்தப் பட்டை சரியாகப் பிடிக்காவிட்டால் திரும்புகிற கரண்ட் அங்கே முட்டிக்கொள்ளும். சட்டத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட் வித்தியாசம் நிற்கும். மீட்டர் அந்த வித்தியாசத்தையும் சேர்த்துச் சூடு என்று காட்டும். இன்ஜின் ஆறியிருக்கும்வரை அது தெரியாது, ஓடி வழக்கமான சூட்டுக்கு வந்ததும் முள் சிவப்பைத் தொட்டுவிடும். விளக்கு அணைந்தால் கரண்ட் குறையும், வித்தியாசமும் குறையும். செல்ஃப் இழுக்காததற்கும் இதுவே காரணம். செல்ஃபுக்கு வேண்டியது பெரிய கரண்ட். அதற்குத் திரும்பும் வழி போதவில்லை.

இதெல்லாம் மனதில் ஒன்றோடொன்று பொருந்தியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட முடியாது. மூன்றடிக்குப் பின்னால் என் மைத்துனன் கெட்டுக்கொண்டிருந்தான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"மச்சான், போன வாரம் இதுல இன்னா வேலை பாத்தாங்க?"

"முன்வீல் கியர்பாக்ஸ எறக்கி ஏத்துனாங்க. சேசிஸுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சாங்க, ஓனருக்குப் பளபளன்னு இருக்கணும். ஏன்?"

"அதுக்கப்பறம் ராத்திரில ஓட்டுனியா?"

"இல்லியே. லைட்டே போடல."

சக்கரம் கழற்றுகிற கம்பியை எடுத்தேன். விளக்கைப் போடச் சொல்லி, கம்பியின் ஒரு முனையை இன்ஜின் போல்ட்டிலும் மறுமுனையைச் சட்டத்தோடு இணைந்திருக்கும் பேட்டரியின் மைனஸ் முனையிலும் அழுத்தினேன். சின்னப் பொறி பறந்தது.

"எறங்குது மாப்ள!" என்று உள்ளேயிருந்து தாஸ் கத்தினான்.

கம்பியை எடுத்ததும் ஏறியது.

அடியில் படுத்துப் பார்த்தேன். பட்டை அதன் இடத்தில்தான் இருந்தது. ஒரு முனை கியர்பாக்ஸில், மறுமுனை சட்டத்தில். ஆனால் சட்டத்து முனைக்கு அடியில் கெட்டியாகக் கறுப்புப் பெயிண்ட். பெயிண்ட் அடித்து, காய்ந்தபின் அதன்மேலேயே போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். பெயிண்ட் கரண்டை விடாது. போல்ட்டின் மரைவழியே கசிந்த கொஞ்சத்தில்தான் வண்டி ஒரு வாரம் ஓடியிருக்கிறது.

பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தேய்க்கிற அரத்தோடு வந்தார். "ஏன் சார், பாடி இதெயா?" என்று, பிணம் இருக்கிறதா எனக் கன்னடத்தில் கேட்டு, பெட்டியைப் பார்த்ததும் அரத்தையும் ஸ்பேனரையும் என் கையில் கொடுத்தார். போல்ட்டைக் கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டி, மறுபடி முடுக்கினேன். தாஸ் விளக்கைப் போட்டான். முள் நடுவில் நின்றது. துணிந்து இன்ஜினை அணைத்துச் சாவியைத் திருகினான். செல்ஃப் ஒரே இழுப்பில் பிடித்தது. மணி ஒன்று நாற்பது.

அதன்பிறகு எங்கும் நிற்கவில்லை. கோலார் தாண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது, அவ்வளவுதான். லைன் வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது மூன்று இருபத்தைந்து.

மூடியை லேசாகத் தளர்த்தியதும் சுற்றி நின்றவர்கள் பின்வாங்கினார்கள். தாஸ் ஒருமுறை உள்ளே பார்த்தான். உடனே மூடி, ஆணியை அவனே அடித்தான். பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். தாயம்மா கையை நீட்டிப் பலகையைத் தடவினார்.

"ரெண்டு மணிக்கு வருவீங்கன்னு சொன்னாங்களே."

டோரீன் உடைந்துவிட்டாள். "மூணு தபா வண்டி நின்னுச்சும்மா. நின்னு நின்னு வந்தோம்."

தாயம்மா என்னைப் பார்த்தார். "மாப்ள, நீங்க படிச்சவரு, மெஷின் தெரிஞ்சவரு. நெசத்தச் சொல்லுங்க. வரமாட்டேன்னானா?"

கட்டில் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"இல்ல அத்தே. அவன் ஒண்ணும் சொல்லல. வண்டியும் சூடாவல. சூடுன்னு முள்ளு பொய் சொல்லுச்சு, நான் நம்பிட்டேன். நிறுத்தச் சொன்னது நானுதான், மூணு தபாவும். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவுல ஒரு செம்புப் பட்டை இருக்கும். அதுக்கு அடில பெயிண்ட் அடிச்சிட்டாங்க, கரண்டு போவல. அதான் லைட்டப் போட்டா முள்ளு ஏறுச்சு. பெயிண்டச் சொரண்டிட்டு போல்ட்ட முடுக்குனேன். சரியாயிடுச்சு."