வால்டரின் வலது ஷூ

புனே பக்கத்து ஆகுர்டி தமிழர் பண்பாட்டுப் பேரவைக்கு அவசரமாக ஒரு போர்வீரர் தேவைப்பட்டார். 2001 குடியரசு தின விழாவுக்கு ஒப்புக்கொண்டிருந்த பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் எழுந்த தேவை அது. தலைவர் ராமநாதன் விசாரித்ததில், தாபோடியில் முன்னாள் ராணுவ நாயக் வால்டர் கிடைத்தார். கார்கிலில் கண்ணிவெடிக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே கொடுத்தவர். தமிழர். பக்கத்திலேயே இருந்தார்.

வால்டருக்கும் ஒரு தேவை இருந்தது. விழாவின் சிறப்பு விருந்தினர் சங்கரன், ஹிஞ்சேவாடி மென்பொருள் கம்பெனி ஒன்றின் நிர்வாக அதிகாரி. கம்பெனி வாசலில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. "ஃபங்ஷன்ல பாக்கறேனுங்க. நல்லா நடக்கறாருன்னா மேல பேசலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே வால்டர் பொன்னாடைக்காகப் போகவில்லை. நடந்து காட்டப் போனார்.

பட்டாளத்து மருத்துவமனையில் பொருத்திய கால் ஒழுங்காகவே வேலை செய்தது. ஒரே நிபந்தனை, அதன் பாதம் ஷூவின் குதி உயரத்துக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருந்தது. ஷூவைக் கழற்றினால் ஆள் பின்பக்கமாகச் சாய்வார். தொந்தரவு கொடுத்ததெல்லாம் போன கால்தான். இல்லாத கட்டைவிரல் எரிந்தது. தீபாவளியன்று முதல் வெடிக்கு அவர் கட்டிலுக்கு அடியில் போய், "பவுனு, தலைய தூக்காத" என்று கத்தினார். பவுன் யார் என்று பெட்டி என்ற பெயர்கொண்ட அவர் மனைவி கேட்கவில்லை. தலையணையைக் கீழே தள்ளிவிட்டாள்.

விழாவில் அவர் மேடைப் படிகளைக் கைப்பிடி தொடாமல் ஏறினார். சங்கரன் தலையாட்டினார். முன்வரிசையில் பெட்டி மூச்சை விட்டாள்.

ராமநாதன் 'இமயப் பனியில் தமிழ் ரத்தம்' என்று பேசினார். அதில் இமயம் கொஞ்சம் வந்தது, ராமநாதன் நிறைய வந்தார். பிறகு குத்துவிளக்கு.

"வாங்கோ வால்டர், நீங்கதான் ஏத்தணும். அந்த ஷூவை மட்டும் அப்படி ஓரமா..."

"கழட்டினா நிக்க முடியாது சார்."

"ஷூவோட விளக்கு ஏத்தப்படாதே."

"அப்ப வேற யாராச்சும் ஏத்தட்டும் சார்."

"இன்விடேஷன்ல உங்க பேர் அச்சாயிடுத்தே!"

கீழிருந்து பெட்டி எழுந்தாள். "அரே, சும்மா ஷூவோட ஏத்துங்க. யாரு என்ன சொல்லுவாவ?"

சொல்ல ஆள் இருந்தது. "ஒரு நிமிஷம் கழட்டினா என்ன கொறஞ்சுடப்போறது?" என்றார் ராமநாதனின் மனைவி மல்லிகா.

விழுந்தால் வேலை போகும். மறுத்தால், கிறிஸ்தவர், அதனால் விளக்கேற்ற மாட்டேன் என்றார் என்று பந்தி முடிவதற்குள் பேச்சாகும். சங்கரன் பார்த்துக்கொண்டிருந்தார்.

வால்டர் நாற்காலியில் உட்கார்ந்து இடது ஷூவைக் கழற்றினார். பேண்ட்டைச் சுருட்டினார். பட்டையை அவிழ்த்து, வலது காலை ஷூவோடு சேர்த்து உருவி, பிரமுகர்களின் செருப்பு வரிசையில் ஒழுங்காக நிறுத்தினார். பிறகு ஒற்றைக் காலில் தத்திப் போய் எல்லாத் திரிகளையும் ஏற்றினார். எதையும் பிடிக்கவில்லை. விழவுமில்லை.

மண்டபமே எழுந்து நின்றது. ராமநாதன் அழுதார். புகைப்படக்காரர் தவறவிட்டதால் மறுபடியும் அழுதார்.

காலை மாட்டிக்கொண்டு வால்டர் சங்கரனிடம் போனார்.

"சார், அந்த வேலை..."

சங்கரன் அவர் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களாட்டம் ஒருத்தரக் கொண்டுபோய் கேட்ல நிக்க வெக்கறதா? தேசத்துக்கே அவமானமுங்க."

"நான் நிப்பேன் சார். நீங்களே பாத்தீங்கள்ல."

"பாத்தனுங்க. அதனாலதான் மனசு கேக்க மாட்டேங்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போனார்.

வெளியே சிக்ஸ் சீட்டர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது பெட்டி கேட்டாள்: "என்ன சொன்னாவ?"

"மரியாத ஜாஸ்தி ஆயிட்டாம். வேல கெடையாதாம்."

பெட்டி பொன்னாடையை மடித்துப் பையில் வைத்தாள். "அடுத்தவாட்டி கேக்கப் போவும்போது பட்டாளம்னு வாயத் திறக்காதிய. ஆக்சிடென்ட்டுல போச்சுன்னு சொல்லுங்க. ஒருத்தனும் எந்திரிச்சு நிக்க மாட்டான்."

"எதுல ஆக்சிடென்ட்டு?"

"ஏதாச்சும் ஸ்கூட்டர்ல."

வால்டர் யோசித்தார். "யாரு மேல தப்புட்டி?"

"உங்க மேலதான். அப்பதான் நம்புவாவ."