உள்ளங்கையில் உமிக்கரி

"அக்கா, நீங்க பல்லு வெளக்குற உமிக்கரிய எப்படிச் செய்றீங்க?"

போன தை மாதம் ஆராய்ச்சி மாணவி பிரதீபா அப்படிக் கேட்டாள். தஞ்சாவூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் பூவிழியிடம், "கழுவியாச்சா?" என்பதைத் தவிர அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

"உமியக் குவிச்சு ஓரத்துல தணல் வைக்கணும் பாப்பா. உள்ளயே கனிஞ்சு கறுக்கும். வெளுத்துச் சாம்பலாகறதுக்குள்ள தண்ணி தெளிச்சு அமத்திரணும்."

மறுநாளே பூவிழி ஒரு பை உமிக்கரி கொண்டுவந்து கொடுத்தாள். பிரதீபா அதைக் கழுவி, இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, குழாய்க்குள் அடைத்துச் சூடாக்கினாள். அதன் வழியே வாயுவைச் செலுத்தினால் மறுமுனையில் டீசல் போல எண்ணெய் சொட்டும் என்றாள். சில மாதம் கழித்து அது சொட்டவும் செய்தது.

"என்ன பூவிழி, நீயும் விஞ்ஞானி ஆயிட்ட போல?" என்றார் ஒப்பந்த மேற்பார்வையாளர் பஞ்சநாதன்.

"ஆமாண்ணே, பல்லு வெளக்குற விஞ்ஞானி."

மிச்சமான கரியை ஒரு டப்பாவில் போட்டுக் கழுவுதொட்டி அருகே வைத்திருந்தாள். கண்ணாடியில் பிடித்த கறைக்கு அதைத்தான் தேய்ப்பாள். "நீங்க தேய்ச்சாதான்க்கா பளபளன்னு இருக்கு" என்பாள் பிரதீபா.

அன்று எண்ணெயைப் பார்க்க சென்னையிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. காலையிலிருந்து எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பிரதீபா மேசையைக் காலி செய்து, குடுவைகளை அவசரமாகத் தொட்டியோரம் கொண்டுவந்து அடுக்கினாள்.

"எல்லாத்தையும் கழுவிடுங்கக்கா. அவங்க போனதும் உங்கள நிரந்தரமா எடுத்துக்கச் சொல்லி சார்கிட்ட பேசுறேன்."

"பேசு பாப்பா. ஒப்பந்தத்துல இருந்தா என்னிக்கு வேணா போகச் சொல்லிருவாங்க."

ஒரு குடுவையின் அடியில் கறை விடவில்லை. டப்பாவைத் திறந்தாள், காலி. குடுவைகளுக்கு நடுவே இறுக்கி மூடிய சிறிய பாட்டில் ஒன்று இருந்தது. எல்லாப் பாட்டில்களையும் போல அதன் மேலும் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. உள்ளே கரி. தான் கொண்டுவந்த கரிதான், அதே கறுப்பு. கழுவி வீணாக்க மனம் வரவில்லை. ஈரக் கை பட்டால் கட்டிதட்டும் என்று கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மூடியைத் திருகி உள்ளங்கையில் கொட்டினாள்.

கரி சிவந்தது.

தீக்குச்சி இல்லை, அடுப்பு இல்லை. உள்ளங்கையில் கிடந்த தூள் ஓரத்திலிருந்து நடுவரை தணலாகிக்கொண்டே வந்தது. பூவிழி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சுட்டது பிறகுதான் தெரிந்தது. அலறி உதறினாள். பொறிகள் நைலக்ஸ் சேலையில் விழுந்து ஓட்டை ஓட்டையாக உருகின. பாட்டில் தரையில் விழுந்து உடைந்து, சிதறிய தூளும் சிவக்கத் தொடங்கியது.

பேராசிரியர் வெற்றிச்செல்வன் ஓடிவந்தார். பின்னால் பஞ்சநாதன். பேராசிரியரின் கண் முதலில் தரைக்குத்தான் போனது.

"ஐயோ! எட்டு மாச வேலை... யாரும்மா இதத் தொறந்தது?"

"கரிதான சார். நான் கொண்டாந்த கரி." குழாயைத் திறந்து கையை நீட்டினாள். "நெருப்பே வைக்கலையே சார்."

"அதுல இரும்பு ஏத்தியிருக்கு. காத்து பட்டாலே புடிச்சுக்கும். காத்து படாம மூடி, தனியால்ல வச்சிருக்கோம்? ஒன்ன யாரு அத எடுக்கச் சொன்னா?"

"நான் எடுக்கல சார். கழுவுற சாமானோட இருந்துச்சு."

"தெரியாததுல எதுக்குக் கை வைக்கிற?" என்றார் பஞ்சநாதன். பிறகு பேராசிரியரைப் பார்த்து, "நாளையிலேர்ந்து வேற ஆள் அனுப்பிடுறேன் சார்" என்றார்.

பிரதீபா வாசலில் நின்றிருந்தாள். பூவிழி அவள் பக்கம் திரும்பினாள். குழாய்த் தண்ணீருக்கு அடியில் உள்ளங்கைத் தோல் வெள்ளையாக உரிந்து மிதந்தது.

"நீ சொல்லு பாப்பா. இங்க கொண்டாந்து வச்சது யாருன்னு சொல்லு."

கீழே கார்க் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"வந்துட்டாங்க" என்றார் பேராசிரியர். "பிரதீபா, எண்ணெய எடு."

பிரதீபா அலமாரியிலிருந்து சின்னக் குப்பியை எடுத்தாள். அடியில் ஒரு விரற்கடை மஞ்சள் எண்ணெய். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டாள். பூவிழியின் காலடியில் இன்னும் கனிந்துகொண்டிருந்த கரியை மிதிக்காமல் சுற்றி நடந்து வெளியே போனாள்.