ஒரு வரி, இரண்டு பெயர்கள்

சோதனைக்காக நிரலில் சேர்த்திருந்த, திரையில் செய்தி காட்டும் பிரின்ட் வரியை எடுத்தவுடன் சர்க்யூட் போர்டு மறுபடியும் உறைந்தது. அந்த வரி இருந்தால் ஒழுங்காக ஓடுகிறது. மூன்று நாளாக இதே கூத்து. ஞாயிற்றுக்கிழமை, இயங்குதளத்தின் மையமான கர்னலின் புதிய பதிப்பு வெளியாகிறது. அதற்குள் சரியாகாவிட்டால் சானா இரண்டு வருடமாக எழுதிய, இந்தப் போர்டை இயக்கும் டிரைவர் நிரலை அதிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

"கம்பைலர்லதான் கோளாறு," என்றாள்.

"எல்லாரும் மொதல்ல அதத்தான் சொல்வாங்க," என்றான் அவள் கணவன் வெய்க்கோ. வேறொரு நிறுவனத்துக்காக அவனும் அதே கர்னலில் வேலை செய்பவன். "கம்பைலர்காரங்களுக்கு லெட்டர் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன். கொஞ்சம் காரமாவே."

"போச்சு."

தன் நிரலிலிருந்து கம்பைலர் உருவாக்கிய எந்திரக் கட்டளைகளை அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். டிரைவர் காத்திருக்கும் சுற்றுக்குள், கர்னலின் பொதுக் கோப்பிலிருந்து வந்த, நேராகச் சிப்பின் மொழியிலேயே எழுதிய ஒரு பழைய அசெம்பிளி வரி. அப்படிப்பட்ட வரிக்குள் கம்பைலர் எட்டிப் பார்ப்பதில்லை. எழுதியவர் சொன்னதை அப்படியே நம்பும். இந்த வரிக்குப் பின் நினைவகத்தில் இருப்பது மாறியிருக்கலாம் என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. அதனால் ஒரே ஒருமுறை படித்துவிட்டு, அந்தப் பழைய மதிப்பையே பார்த்துக்கொண்டு காலமெல்லாம் காத்திருந்தது. பிரின்ட் இருந்தபோது மட்டும் சந்தேகப்பட்டுத் திரும்பப் படித்திருக்கிறது.

விடுபட்டிருந்தது ஒரே ஒரு சொல். சேர்த்தாள். போர்டு ஓடியது. நூறு முறை நிறுத்தித் தொடங்கியும் ஓடியது.

திருத்தம் அனுப்பும்போது, பிழை யாருடைய எந்த மாற்றத்தில் வந்தது என்று குறிப்பிடுவது அவர்கள் வழக்கம். அந்தக் கோப்பின் மாற்ற வரலாற்றைத் திறந்தாள். ஆறு வருடத்துக்கு முன். எழுதியவர்: வெய்க்கோ. சிரிப்பு பொங்கியது. அடுத்த வரியைப் படித்ததும் அடங்கியது. சரிபார்த்தவர்: சானா.

அப்போது பின்லாந்தின் தெற்கே துர்க்கு நகரில் அவள், வடக்கே ஓலுவில் அவன். முகம் தெரியாது. 'நன்றாக இருக்கிறது' என்று ஒற்றை வரியில் எழுதியிருந்தாள். அதற்கு நன்றி சொன்னவன்தான், ஹெல்சிங்கியில் நடக்கும் கர்னல்காரர்கள் கூட்டத்துக்கு வருவாயா என்றும் கேட்டிருந்தான்.

மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள்.

"அடப்பாவமே, நானா?"

"நானுந்தான்."

"அன்னிக்கே நீ இதப் பிடிச்சிருந்தா?"

"கிழிகிழின்னு கிழிச்சிருப்பேன். நீ ஹெல்சிங்கிக்குக் கூப்பிட்டிருக்கவே மாட்ட."

"கூப்பிட்டிருப்பேன். பயந்துக்கிட்டே."

சானா திருத்தக் குறிப்பில் இரண்டு பெயர்களையும் எழுதினாள். கம்பைலர்காரர்களுக்கு ஒரு மன்னிப்பும் போனது. "இப்ப இதச் சரிபாத்துச் சொல்லு. நெஜமாவே பாரு, என்னை மாதிரி இல்லாம."

ஒரு சொல் திருத்தத்துக்கு அவன் முழுக் கோப்பையும் திறந்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து, திரையில் விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தான். அவனை அவசரப்படுத்தாமல் சானா அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். விரல் மெல்ல இறங்கியது, ஓரிடத்தில் நின்றது, பிறகு நகர்ந்தது.