மூடியில் வெட்டிய பெயர்

குப்பை ஓடிவரும் பெல்ட்டில் செருப்புகளைத்தான் மெர்சி முதலில் பார்ப்பாள். துணி, பிளாஸ்டிக், கண்ணாடி என்று பிரித்துப் போடுவதுதான் வேலை. கை அதைச் செய்துகொண்டே இருக்கும். கண் மட்டும் ஆம்பளைச் செருப்பாகத் தேடும். மட்கிய மண்ணுக்குள்ளிருந்து யார் யாரோ கழற்றிப் போட்டதெல்லாம் வருகிறது, அவள் புருஷன் ஜெரால்டுடையது மட்டும் வரவில்லை.

சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டிக் கிடந்த அந்தக் குப்பை மேட்டை யாரும் தன்னுடையது என்று சொன்னதில்லை. நகராட்சியைக் கேட்டால் பஞ்சாயத்தைக் கைகாட்டும், பஞ்சாயத்தைக் கேட்டால் கம்பெனிகளை. இப்போதுதான் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மேட்டைத் தோண்டிச் சலித்து அகற்றிவிட்டுப் பூங்கா கட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். பிரிக்கும் வேலை மகளிர் குழுவுக்கு. குழுத்தலைவி திலகவதி ஆள் கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவள் மெர்சி. கூலிக்காக என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

ஜெரால்ட் பஞ்சாயத்துக் குப்பை டிராக்டர் ஓட்டியவன். பெருமழை பெய்த வருஷம் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு லோடு கொட்டப் போனவன் திரும்பவில்லை. டிராக்டர் மேட்டடியில் நின்றது, சாவி அதிலேயே இருந்தது. மேடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதை யாரும் கிளறிப் பார்க்கவில்லை. யார் மேடு என்றே தெரியாதபோது யார் கிளறுவது? அதே வாரம் தெருவில் ஒருத்தியும் காணாமல் போகவே, ஊர் கதையை முடித்துவிட்டது. இரண்டு பேரும் ஆந்திர எல்லையில் தடா பக்கம் குடித்தனம் பண்ணுகிறார்கள் என்றார்கள். மெர்சியும் நம்பினாள். நம்பினால் திட்டவாவது முடிந்தது. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போகும்போது, அவள் கதவைச் சாத்திக்கொண்டு அவனைச் சபிப்பாள். ஆனாலும் மழை பிடித்தால் போதும், மேட்டுக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கும். பயமாக இருக்கும். அதைவிட, கூப்பிடுவது நின்றுவிடுமோ என்றும் பயமாக இருக்கும்.

அன்றைக்கு வந்தது செருப்பு இல்லை. நசுங்கிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ். கை தானாகவே மூடியைத் துடைத்தது. பாத்திரக் கடையில் வாங்கும்போதே வெட்டிக் கொடுத்த எழுத்து: ஜெ. மெர்சி.

பக்கத்தில் நின்ற திலகவதி பார்த்துவிட்டாள். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. குனிந்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

“மெர்சி, பையில போட்டுக்கோ. அடுத்த வாரம் கலெக்டர் வராரு. இப்போ போலீசு வந்தா வேலை நின்னுபூடும். இத்தினி பொம்பளைங்க இத நம்பிக்கினு கீறாங்க.”

அவள் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. மெர்சிக்கும் அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது.

டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டினாள். உள்ளே ஏதோ காய்ந்துபோய்க் கடகடத்தது. அவன் போன அன்று காலை அவள் போட்டுக்கொடுத்த கிளிப் அப்படியே இருந்தது.

“தொறக்கவே இல்லக்கா,” என்றாள். “சாப்பிடாமயே கெடந்துகிறாரு. நான் இன்னான்னா திட்டிக்கினு இருந்தேன்.”

பெல்ட்டின் ஓரமாக, அதை நிறுத்துவதற்கான ஒரு சிவப்புக் கயிறு ஓடியது. கல் மாட்டினால் மட்டும் இழுக்க வேண்டும் என்று உத்தரவு. மெர்சி டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு அதை இழுத்தாள்.

சத்தம் அடங்கியது. பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். மேட்டின் மேலே பொக்லைன், அள்ளியதைக் கொட்டாமல் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டது. அதன் பல்லிடுக்கிலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது.